சாகிற போது என்ன செய்வாய்?

பகுத்தறிவு பேசுகிறவர்களைப் பார்த்து நமது கிறிஸ்தவ நண்பர்கள், அதிலும் பாதிரிமார்களும் உபதேசிமார்களும், கடைசியாகப் போடும் பாணம் ஒன்று உண்டு. “உடம்பில் பலம் இருக்கிற வரையில் நீ எது வேண்டுமானாலும் பேசலாம். படுக்கையில் விழுந்து, வலி பொறுக்க மாட்டாமல், உயிர் தொண்டைக் குழியில் வந்து நிற்கும்போது உன் பகுத்தறிவு வந்து கைகொடுக்குமா? எங்களவர்கள் சாவதை வந்து பார். சிரித்த முகத்தோடு சாகிறார்கள். கர்த்தரை நம்பினவனுக்குச் சாவு ஒரு வாசற்படி, நம்பாதவனுக்கு அது படுகுழி” என்பதுதான் அந்தப் பாணம்.

இதைக் கேட்டுவிட்டு நம் தோழர்களில் சிலர் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அது சரியல்ல. கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டிவிட்டுப் போகும் குடியானவன்கூட, ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு, “எல்லாம் சரி, சாகிற போது?” என்று தன்னைத்தானே கேட்டுக் கொள்ளுகிறான். சாவு எல்லாருக்கும் வருவது. வலியும் அநேகமாக எல்லாருக்கும் வருவது. ஆகவே இக்கேள்விக்கு யோக்கியமான பதில் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலாவது, ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டு விடுவோம். கிறிஸ்தவர்களில் சாவுக்கு அஞ்சாதவர்கள் இருந்தார்கள் என்பது பொய்யல்ல. கி.பி. 203-ல் கார்த்தேஜ் நகரத்தில் பெர்பெதுவா என்ற 22 வயதுப் பெண், கைக்குழந்தைக்காரி, பெற்ற தகப்பன் கெஞ்சியும் கேளாமல் காட்டு மிருகங்களுக்கு முன் போய் நின்றாள். 1945 ஏப்ரல் 9-ல் ஜெர்மனியில் பான்ஹோபர் என்ற பாதிரியார் ஹிட்லரை எதிர்த்த குற்றத்துக்காகத் தூக்கில் ஏற்றப்பட்டார். நம் பக்கத்திலேயே, நட்டாலத்து நீலகண்ட பிள்ளை என்பவர் 1745-ல் கிறிஸ்தவராகித் தேவசகாயம் என்று பெயர் பெற்று, திருவாங்கூர் ராஜாங்கத்தாரால் பிடிக்கப்பட்டு, வருஷக் கணக்கில் சித்திரவதைப்பட்டு, 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். “மதத்தை விட்டுவிடுகிறேன்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார், சொல்லவில்லை. இம்மாதிரி மனிதர்களைக் கேலி செய்ய நமக்கு மனம் வராது, வரவும் கூடாது.

ஆனால் இதனால் ருசுவாவது என்ன? அந்த மனிதர் தைரியசாலி என்பது ருசுவாகிறது. அவர் நம்பின சங்கதி உண்மை என்பது எப்படி ருசுவாகும்? இங்கிலாந்தில் 1535-ல் தாமஸ் மோர் என்பவர் போப்பாண்டவரின் அதிகாரத்தை விட்டுக் கொடுக்க மாட்டேன் என்று தலையை வெட்டக் கொடுத்தார். அதே இங்கிலாந்தில் இருபது வருஷம் கழித்து 1555-ல் லாட்டிமர், ரிட்லி என்ற இருவர், போப்பாண்டவர் மார்க்கம் கூடாது என்று ஆக்ஸ்போர்டு பட்டணத்தில் நெருப்பில் வெந்து செத்தார்கள். மூவரும் அஞ்சவில்லை, மூவரும் கிறிஸ்தவர்கள். போப்பு விஷயத்தில் ஒரு கட்சி சொன்னது நிஜமானால் மற்றக் கட்சி சொன்னது பொய்யாகத்தானே இருக்க வேண்டும்? பொய்க்காகவும் மனிதன் அஞ்சாமல் சாகக் கூடும் என்பதற்கு வேறு அத்தாட்சி எதற்கு? 1553-ல் ஜெனீவாவில் செர்வேட்டஸ் என்பவரைக் கிறிஸ்தவர்களே உயிரோடு கொளுத்தினார்கள். 1600-ல் ரோமாபுரியில் புரூனோவை மத விசாரணைக்காரர்களின் தீர்ப்பின் பேரில் கொளுத்தினார்கள். அந்த நெருப்பில் நின்றவரின் தைரியம் எந்த மதத்தின் கணக்கில் வரவு வைக்கப்படும்? கிறிஸ்து பிறப்பதற்கு 399 வருஷங்களுக்கு முன்னமே சாக்ரட்டீஸ் விஷக் கிண்ணத்தை வாங்கி நண்பர்களோடு பேசிக்கொண்டே குடித்தாரே, அவர் எந்தச் சிலுவையைப் பார்த்துத் தைரியம் கொண்டார்?

பகத்சிங்கை எடுத்துக் கொள்ளுங்கள். 1931 மார்ச்சு 23-ல் லாகூரில் அவரைத் தூக்கிலிட்டபோது அவருக்கு வயது 23. தாம் ஏன் நாத்திகர் என்று சிறைக்குள் இருந்தபடியே அவர் எழுதிய கட்டுரை தமிழில்கூட வந்திருக்கிறது. அதில் அவர் சொல்லும் நியாயம் இது: ஆஸ்திகனுக்கு அடுத்த ஜன்மத்தில் ராஜாவாகலாம், மோட்சத்தில் சுகப்படலாம் என்ற ஆசை இருக்கிறது, எனக்கோ கழுத்தில் கயிறு இறுகுகிற நிமிஷமே கடைசி நிமிஷம், அதற்குமேல் ஒன்றும் இல்லை. இவ்வளவும் தெரிந்தேதான் அவர் போனார். கூலி நிச்சயம் என்று நம்பி வேலைக்குப் போகிறவன் ஒருவன். கூலி இல்லை என்று தெரிந்தும் போகிறவன் ஒருவன். யாருடைய மனத்திடம் பெரிது என்று பாதிரிமார்களே சொல்லட்டும்.

தேவசகாயம் விஷயத்தில் இன்னொரு சங்கதியும் சொல்லாமல் விட முடியவில்லை. அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊர் வடக்கன்குளம். அதே ஊரில் பிற்காலத்தில் கட்டிய மாதா கோவிலில் வேளாளக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு பக்கம், நாடார் கிறிஸ்தவர்களுக்கு ஒரு பக்கம் என்று நடுவில் சுவர் வைத்துக் கட்டினார்கள். 1910-ல்தான் அந்தச் சுவர் இடிந்தது. இடித்ததை எதிர்த்து மேல்ஜாதிக் கிறிஸ்தவர்கள் போட்ட வழக்கு சென்னை ஹைக்கோர்ட்டு வரை போயிற்று. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் பிணத்துக்கும் பிணத்துக்கும் நடுவே ஜாதிச் சுவர் எழுப்பியதும், அதை எதிர்த்துக் கிளர்ச்சி நடந்ததும் ஊரறிந்த சங்கதி. தேவசகாயத்தை 2022 மே 15-ல் ரோமாபுரியில் புனிதர் என்று அறிவித்தபோது, அவர் பெயரோடு ஒட்டியிருந்த ஜாதிப் பட்டத்தை நீக்கி அறிவித்தார்கள், நல்ல காரியம். ஆனால், “நாங்கள் சாவுக்கு அஞ்சாதவர்கள்” என்று சொல்லிக் கொள்ளுகிறவர்கள், செத்த பிறகு பக்கத்துக் குழியில் யார் படுக்கப் போகிறான் என்பதற்கு அஞ்சுகிறார்களே, இது எந்தத் தைரியத்தில் சேர்ந்தது?

நிற்க. ஏசுநாதர் தாமே எப்படிச் சாவை எதிர்கொண்டார் என்று அவர்களுடைய சுவிசேஷக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். பிடிபடுவதற்கு முந்திய ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் அவர் கலங்கினார், சீஷர்களைக் கூட விழித்திருக்கச் சொன்னார், அவர்களோ தூங்கிவிட்டார்கள், இந்தத் துன்பம் நீங்குமானால் நீங்கட்டும் என்று வேண்டினார். சிலுவையில் தொங்கும்போது தம் கடவுள் தம்மைக் கைவிட்டதாகக் கதறினார் என்று மத்தேயுவும் மாற்குவும் சொல்லுகிறார்கள். லூக்காவும் யோவானும் அந்தக் கதறலைச் சொல்லவில்லை. அது வேறு விஷயம். இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. தோட்டத்தில் நடுங்கின அந்த மனிதரிடம் நமக்கு அனுதாபமே உண்டாகிறது. ஆனால் அவரே கலங்கியிருக்க, புற்று நோயில் கிடக்கும் ஒரு ஏழைக் கிழவியிடம் போய், “பயப்படுகிறாயே, உனக்கு விசுவாசம் போதாது” என்று சொல்ல ஒரு உபதேசிக்கு வாய் எப்படி வருகிறது?

சாவென்றால் ஓரளவு பயம் எந்தப் பிராணிக்கும் உண்டு. ஆட்டுக்கும் உண்டு, கோழிக்கும் உண்டு. ஆனால் செத்த பிறகு நித்திய காலமும் அக்கினியில் வேக வேண்டும் என்ற பயம் ஆட்டுக்கும் கோழிக்கும் கிடையாது. அது மனிதனுக்கு மனிதன் கற்றுக் கொடுத்தது. பயத்தை ஒரு கையால் விற்று, அதற்கு மருந்தை மறு கையால் விற்றால் வியாபாரம் நடக்காமல் என்ன செய்யும்? 1517-ல் ஜெர்மனியில் பாவ மன்னிப்புச் சீட்டை விற்ற வியாபாரத்தைக் கண்டு கொதித்துத்தானே லூதரே கிளம்பினார்? அதைவிடக் கொடுமை பச்சைக் குழந்தைகள் விஷயம். ஞானஸ்நானம் பெறாமல் செத்த சிசுவுக்கு மோட்சம் இல்லை என்று 5-ம் நூற்றாண்டில் அகஸ்தீன் என்ற மகான் தீர்ப்புச் சொன்னார். பின்னால் வந்தவர்கள் கொஞ்சம் இரக்கப்பட்டு, நரகத்து ஓரத்தில் வலியில்லாத ஒரு இடம் ஏற்படுத்திக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட சிசுக்களை மந்திரித்த கல்லறை பூமியில் புதைக்கவும் விடாமல் வேலிக்கு வெளியே புதைத்தார்கள். அக்குழந்தைகளும் ரட்சிக்கப்படலாம் என்று நம்ப இடமுண்டு என்பதாக ரோமாபுரி வேத பண்டிதர்கள் ஒரு பத்திரம் வெளியிட்டது எப்போது தெரியுமா? 2007-ல். அதற்கு முன் 1,500 வருஷங்களாகப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் அழுத அழுகைக்கு யார் ஜவாப்தாரி?

இங்கிலாந்து நாட்டுச் சரித்திரத்தில் ஒரே காலத்தில் வாழ்ந்த இரண்டு பெரிய மனிதர்கள் சாவை எதிர்கொண்ட கதை இருக்கிறது. அதை நம் தோழர்கள் அவசியம் தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டும். ஒருவர் சாமுவேல் ஜான்சன், 1755-ல் பெரிய இங்கிலீஷ் அகராதியை வெளியிட்டவர், மகா பக்திமான். மற்றவர் ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் ஹியூம். அற்புதங்களையும் ஆன்மாவையும் பற்றிக் கேட்கக் கூடாத கேள்விகளை எல்லாம் கேட்ட தத்துவ ஞானி. பாஸ்வெல் என்ற ஒரு வக்கீல் இருவருக்கும் சினேகிதர். அவர் கண்டதையும் கேட்டதையும் தினந்தோறும் எழுதி வைத்தபடியால் இது நமக்குத் தெரிகிறது.

1776 ஜூலை 7, ஞாயிற்றுக்கிழமை. ஹியூம் வயிற்று நோயால் இளைத்து, சாவு நிச்சயம் என்று தெரிந்து வீட்டில் இருக்கிறார். பாஸ்வெல் கோவிலுக்குப் போக வேண்டிய நேரத்தில், இந்த நாத்திகன் கடைசியிலாவது நடுங்குகிறானா என்று பார்க்கப் போகிறார். மறுமை என்று ஒன்று இருக்கக்கூடும் அல்லவா என்று கேட்கிறார். அதற்கு ஹியூம், அடுப்பில் போட்ட கரித்துண்டு எரியாமல் போகவும் கூடும்தான் என்கிறார். இல்லாமலே போய்விடுவோமே என்று நினைத்தால் சங்கடமாக இல்லையா என்றதற்கு, பிறப்பதற்கு முன் இல்லாமல் இருந்தோமே, அதை நினைத்து எவ்வளவு சங்கடப்படுகிறோமோ அவ்வளவுதான் என்கிறார். கலங்கிப் போனவர் ஹியூம் அல்ல, பாஸ்வெல். இன்னொரு நாள் ஹியூம் சினேகிதர்களிடம் ஒரு வேடிக்கை சொன்னாராம். செத்தவர்களை ஆற்றைக் கடத்தி விடும் படகோட்டி ஒருவன் கிரேக்கர் புராணத்தில் உண்டு. அவனிடம், இன்னும் கொஞ்சம் பொறு அப்பா, ஜனங்களுடைய மூடநம்பிக்கைகளில் சிலதாவது ஒழிவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தாம் கேட்டால், அதற்கு இன்னும் சில நூறு வருஷம் ஆகும், ஏறு படகில் என்று அவன் அதட்டுவான் என்றாராம். படகோட்டி சொல்லியிருக்கக் கூடியது சரியென்றே தோன்றுகிறது. இரண்டு நூற்றாண்டுக்கு மேலாகியும் நாம் இன்னும் இதே விஷயத்தை எழுதிக் கொண்டுதானே இருக்கிறோம்!

அவ்வருஷம் ஆகஸ்டு 25-ல் ஹியூம் அமைதியாக இறந்தார். அந்த அமைதியை, பொருளாதார நூல் எழுதிய ஆடம் ஸ்மித் ஒரு சிறு கடிதமாக எழுதி வெளியிட்டார். இங்கிலாந்தின் வியாபார முறை முழுவதையும் தாக்கித் தாம் எழுதின பெரும் புஸ்தகத்துக்குக் கிடைத்த வசவைப் போலப் பத்து மடங்கு வசவு இந்தச் சிறு கடிதத்துக்குக் கிடைத்தது என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். ஏன் அவ்வளவு கோபம்? நாத்திகன் கெட்டவனாக வாழ்ந்தால் அவர்களுக்குச் சந்தோஷம். நல்லவனாக வாழ்ந்தாலும் பொறுத்துக் கொள்ளுவார்கள். அவன் பயப்படாமல் செத்துவிட்டால் மாத்திரம் பொறுக்க மாட்டார்கள். அவர்கள் கடையில் கடைசிச் சரக்கு அதுதான்.

ஜான்சன் கதை வேறு. ஹியூம் சங்கதியைப் பாஸ்வெல் போய்ச் சொன்னதும், அதெல்லாம் வெறும் ஜம்பம் என்று தள்ளிவிட்டார். அவருக்கோ ஆயுள் முழுவதும் சாவு பயம். 1784-ல் ஆக்ஸ்போர்டில் ஒரு நாள், தாம் தண்டனைக்குள்ளானவர்களில் ஒருவனாகி விடுவேனோ என்று அஞ்சுவதாகச் சொன்னார். தண்டனை என்றால் என்ன அர்த்தம் என்று பக்கத்திலிருந்தவர் கேட்க, நரகத்துக்கு அனுப்பி ஓயாமல் தண்டிப்பதுதான் என்று ஆவேசமாகக் கத்தினார். அவ்வருஷம் டிசம்பரில் நீர்க்கோவையால் கால் வீங்கிக் கிடந்தபோது, இன்னும் சில நாள் இருக்கலாம் என்ற ஆசையால் தம் காலைத் தாமே கத்தியால் கீறி நீரை வடிக்கப் பார்த்தார். முடிவில், பிழைக்க வழியில்லை என்று வைத்தியர் சொன்ன பிறகு, தெளிந்த புத்தியோடு கடவுளிடம் போக வேண்டும் என்று வலிக்குக் கொடுத்த அபினியையும் மறுத்துவிட்டார். கடைசி நாட்களில் அவருக்கு அமைதி வந்தது என்று கூட இருந்தவர்கள் சொல்லுகிறார்கள். வந்திருந்தால் நமக்கும் சந்தோஷமே. ஜான்சன் கெட்டவர் அல்ல. விடுதலை பெற்ற கறுப்பு அடிமை ஒருவருக்குத் தம் சொத்தில் பெரும் பகுதியை எழுதி வைத்தவர். அப்படிப்பட்ட மனிதரை ஐம்பது வருஷம் நடுங்க வைத்தது எது என்பதே நம் கேள்வி.

உண்மையில் நடுங்கினவர்கள் கிடைக்காத இடத்தில் கதை கட்டவும் தயங்கவில்லை. 1882-ல் இறந்த டார்வின், சாகும் தறுவாயில் வேத புஸ்தகத்தைப் படித்து மனம் திரும்பினார் என்று 1915-ல் அமெரிக்காவில் ஒரு பத்திரிகை எழுதிற்று. டார்வினுடைய மகளே 1922-ல் அதை அடியோடு மறுத்து எழுதினார். இருந்தும் அந்தக் கதை சாகவில்லை. பிரசங்க மேடைகளில் இன்றைக்கும் உலாவுகிறது.

“ஒருவர் இருவர் கதையை வைத்துப் பேசலாமா?” என்பார்கள். அது நியாயமான கேள்வி. அமெரிக்காவில் முற்றின புற்று நோயாளிகள் 345 பேரைச் சாகிற வரையில் கவனித்து, 2009-ல் வைத்தியப் பத்திரிகை ஒன்றில் கணக்கு வெளியிட்டார்கள். மத நம்பிக்கையை அதிகமாகப் பற்றிக் கொண்டிருந்தவர்களில் 100-க்கு 11 பேருக்கு மேல் கடைசி வாரத்தில் மூச்சுக் கருவி மாட்டப்பட்டது. குறைவாகப் பற்றியவர்களில் 100-க்கு 4 பேருக்கும் குறைவு. மோட்ச வாசல் திறந்திருக்கிறது என்பவர்கள்தான் வாசற்படியில் அதிகமாகக் காலை ஊன்றிக் கொள்ளுகிறார்கள் போலும்! இதைக் கொண்டு அவர்கள் எல்லாரும் கோழைகள் என்று நாம் சொல்ல வரவில்லை. கடைசி நிமிஷத்தில் ஆண்டவர் அற்புதம் செய்வார் என்று காத்திருந்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள். அந்த அற்புதத்துக்காகத் தொண்டையில் குழாயோடு கிடந்து செத்தார்களே என்றுதான் வருத்தமாக இருக்கிறது.

இனி வலிக்கு வருவோம். சாவைவிட வலிதான் பெரிய சங்கதி. செத்தவனுக்கு ஒன்றுமில்லை, சாகிறவனுக்குத்தான் எல்லாம். துன்பம் கர்த்தருடைய சிலுவையில் நமக்குக் கிடைத்த பங்கு, அதனால் ரட்சிப்பு உண்டு என்று 1984-ல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் ஒரு நீண்ட நிருபம் எழுதினார். அவரை 1981-ல் ஒருவன் சுட்டபோது ரோமாபுரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய் மணிக்கணக்கில் ஆபரேஷன் செய்தார்கள். சரியான காரியம், நாமும் அதைத்தான் செய்யச் சொல்லுகிறோம். ஆனால் கல்கத்தாவில் தெரசா அம்மையார் 1952-ல் ஏற்படுத்திய சாகிறவர்கள் விடுதியை 1994-ல் லான்செட் என்ற வைத்தியப் பத்திரிகையின் ஆசிரியர் பார்த்துவிட்டு, அங்கே அன்பும் சுத்தமும் இருக்கிறது, வலுவான வலி மருந்து இல்லை என்று எழுதினார். சர்க்கார் சட்டமும் ஒரு காரணம் என்று சமாதானம் சொல்லுவார்கள், இருக்கலாம். ஆனால் உலகம் முழுவதும் பணம் கொடுத்த ஒரு ஸ்தாபனம், மருந்துக்காக எந்த மந்திரி வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தது?

கிறிஸ்தவர்களிலேயே வேறு மாதிரி நினைத்தவர்களும் உண்டு. லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார், நல்ல பக்தியுள்ளவர், வலி வந்த பிறகு மருந்து கொடுப்பது தப்பு, வருவதற்கு முன்பே மணிக் கணக்குப்படி மார்பின் கொடுத்துக் கொண்டே இருக்க வேண்டும் என்று கண்டு, 1967-ல் சாகிறவர்களுக்கென்றே ஒரு ஆஸ்பத்திரி திறந்தார். உலகத்தில் இன்றிருக்கும் இம்மாதிரி விடுதிகளுக்கெல்லாம் அதுதான் வழிகாட்டி. நம் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரும் அப்படித்தான். ஒரே ராத்திரியில் மூன்று வீட்டார் பிரசவ வேதனைப்படும் பெண்களுக்காகப் பெண் டாக்டர் வேண்டும் என்று வந்து திரும்பிப் போய், மூன்று பெண்களும் செத்தார்கள். அவர் அடுத்த ராத்திரிக்கு ஜெபக் கூட்டம் ஏற்பாடு செய்யவில்லை. அமெரிக்கா போய் வைத்தியம் படித்து 1900-ல் திரும்பி வந்தார். இவ்விருவருக்கும் பக்தி இருந்தது. ஆனால் நோயாளியின் வலி தீர்ந்தது பக்தியாலா, மார்பினாலா? பிரசவத்தில் பிள்ளையும் தாயும் பிழைத்தது ஜெபத்தாலா, படித்த படிப்பாலா?

நம் நாட்டு நிலைமை என்ன? உலகத்து மருந்துக்கு அபினி விளைவிக்கும் தேசம் இது. அப்படியிருக்க, 1985-ம் வருஷத்துச் சட்டத்தால் ஒரு ஆஸ்பத்திரி மார்பின் வாங்க வேண்டுமானால் லைசென்சுக்கு மேல் லைசென்சு என்று அலைய வேண்டியிருந்தது. 2014-ல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். கேரளத்தில் கோழிக்கோடு மெடிக்கல் காலேஜ் டாக்டர்கள் 1993-லேயே சங்கம் வைத்து, வீடு வீடாகப் போய் வலி மருந்து கொடுக்கும் ஏற்பாட்டை ஆரம்பித்தார்கள். 2008-ல் அந்தச் சர்க்கார் அதைத் தன் கொள்கையாகவே ஏற்றது. அந்த வேலையில் கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து, நாத்திகர் எல்லாரும் இருக்கிறார்கள். மாத்திரைக்கு மதம் தெரியாது.

நமக்குத் தெரிந்த ஒரு நெசவுக்காரக் கிறிஸ்தவ நண்பரின் தாயார் மார்பில் புற்று வைத்துக் கிடந்தார். உபதேசியார் தினம் வந்து, யோபுவின் கதையைச் சொல்லிப் பொறுமையாக இரு என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தம்மாள் ராத்திரி முழுவதும் துணியை வாயில் அடைத்துக் கொண்டு அழுவார். சத்தம் கேட்டால் விசுவாசக் குறைவு என்று நினைப்பார்களே என்ற பயம். பெரிய ஆஸ்பத்திரிக்கு மூன்று தரம் நடந்த பிறகு மார்பின் மாத்திரை கிடைத்தது. மறுநாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். பிறகு இருந்த மூன்று வாரமும் பேரப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக் கொண்டிருந்தார். தம் சபையின் பாட்டுகளையும் பாடினார். நாம் இரண்டு தரம் போய்ப் பார்த்தோம். மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அந்த நம்பிக்கையோடேயே இறந்தார். அதைப் பற்றி நமக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை.

ஆகையால், “சாகிற போது என்ன செய்வாய்?” என்று கேட்கிற பாதிரிமார்களுக்கு நம் பதில் இதுதான். வலிக்கு மருந்து கேட்போம். கடனை முன்கூட்டியே தீர்த்துவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளுக்கு உள்ளதை எழுதி வைப்போம். பக்கத்தில் உட்கார நாலு சினேகிதர் இருந்தால் அவர்களோடு பேசிக் கொண்டிருப்போம். பயம் வந்தால் வந்தது என்று சொல்லுவோம். அவர்களிடம் நாம் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த தரம் ஒரு நோயாளி வீட்டுக்கு வேத புஸ்தகத்தை எடுத்துக் கொண்டு புறப்படும்போது, போகிற வழியில் தாலூகா ஆஸ்பத்திரியில் இறங்கி, மார்பின் மாத்திரை இருப்பு உண்டா, இல்லையானால் ஏன் இல்லை என்று கேட்டுவிட்டுப் போகட்டும். மருந்து கிடைத்த பிறகு ஜெபம் செய்யட்டும். நாம் குறுக்கே நிற்கவில்லை.